அப்டேட்டுக்குப் பின் மடிக்கணினி சூடாதல்: பள்ளிப்பட்டு வட்டாரத்தை முன்வைத்து ஓர் எல்லை ஆய்வு

இயங்குதளத்தை அப்டேட் செய்த மறுநாள் மடிக்கணினி தோசைக்கல்லாக மாறிவிடுவது ஏன் என்ற கேள்வியைத் தமிழகத்தில் எந்த ஊரில் வேண்டுமானாலும் எழுப்பலாம். விடை காணத் தகுந்த ஊர் பள்ளிப்பட்டு ஒன்றே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. வெயில் மட்டும் இதற்குக் காரணமன்று. வெயிலுக்கு வேலூரும் இருக்கிறது, கரூர் பரமத்தியும் இருக்கிறது. ஒரு பொருள் இந்தப் பக்கத்ததா அந்தப் பக்கத்ததா என்று வழக்கு வந்தால் அதை எப்படி விசாரிப்பது என்பதில் இந்த ஊருக்கு உள்ள அனுபவம் வேறு ஊர்களுக்கு இல்லை. அதுவே காரணம் என்க.

வடக்கே கார்வேட்டிநகரம், கிழக்கே நகரி, மேற்கே சித்தூர் என்று மூன்று பக்கமும் ஆந்திரம். தெற்கே மட்டும் சோளிங்கர், திருத்தணி என்று தமிழகம். கூடத்தில் ஒரு மாநிலத்து டவரையும் கொல்லையில் இன்னொரு மாநிலத்து டவரையும் பிடிக்கிற கைப்பேசிகளை இங்கே காணலாம். இப்படிப்பட்ட நிலத்தில், சூடு மென்பொருளின் குற்றமா வன்பொருளின் குற்றமா என்ற வினா தானாகவே எல்லைப் பிரச்சினையின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது.

இப்பொருள் குறித்து வட்டாரத்தில் மூன்று கொள்கையினர் உளர். அப்டேட்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்போர் முதலாமவர். இவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு" என்பது இவர்களின் ஒரே பிரமாணம். கணினி பழசாகிவிட்டது என்போர் இரண்டாமவர். இவர்களில் விற்பனைக் கடைக்காரர்கள் அதிகம் என்பதைக் கவனிக்க. மூன்றாமவர் வீட்டுப் பெரியவர்கள். "ராத்திரி பகலா அதையே நோண்டிக்கிட்டிருந்தா சூடாகாம என்ன பண்ணும்? அணைச்சு வெய்யி" என்பது இவர்கள் வாதம். உடம்புச் சூட்டுக்கு வெந்தயமும் மோரும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் சொல்கிற மரபிலிருந்து வந்த கருத்து இது. எண்ணெய் தேய்க்க முடியாத பண்டம் என்பதால் ஓய்வை மட்டும் பரிந்துரைக்கிறார்கள். மூன்றில் ஆபத்தான கொள்கை இதுவே என்பது பின்னர் நிறுவப்படும்.

முதலில் வரலாறு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் அண்ணா பிறந்தநாளான 15.09.2011 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவால் தொடங்கிவைக்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. மாணவர்கள் பெற்றுக்கொண்டார்கள். இவையெல்லாம் எல்லாரும் அறிந்தவை. ஆய்வுலகம் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு: மிக்சி, கிரைண்டரோடு மின்விசிறி வழங்கும் திட்டமும் அதே நாளில் அதே ஊரில்தான் தொடங்கியது. மகளுக்கு மடிக்கணினி, தாய்க்கு மேசை மின்விசிறி. கணினி சூடாகும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அதற்கான குளிர்விப்பானையும் அரசு சேர்த்தே அனுப்பிவைத்தது என்று கொள்வதில் தவறில்லை. மின்விசிறி சமையலறைக்குப் போய்விட்டது மக்களின் பிழை.

தொடக்க காலத்துக் கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரட்டையாக இருந்தன. ஒரே வட்டில் கோடு கிழித்து இரண்டு மாநிலம் அமைத்ததற்கு ஒப்பானது இது. ஆயினும் அந்த நாட்களில் சூடு பற்றிய முறையீடு பெரிதாக எழவில்லை. 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் மின்வெட்டை மறந்திருக்க மாட்டார்கள். சூடேறுமுன் பாட்டரி தீர்ந்து கணினி தானே அணைந்துவிடும். மின்வெட்டைக் குளிர்விக்கும் கொள்கையாகக் கருதி அதற்குரிய பாராட்டை எந்த ஆட்சிக்கும் எவரும் இதுவரை வழங்கவில்லை.

இனி இயற்பியல். ஒரு பொருள் ஆறும் வேகம், அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது என்று ஐசக் நியூட்டன் 1701-இல் எழுதினார். கட்டுரையில் தம் பெயரைப் போடவில்லை. சூடான விஷயம் என்று தயங்கியிருக்கலாம். இவ்விதியைப் பள்ளிப்பட்டில் பொருத்துவோம். கணினியின் பிராசஸர் 95 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது என்று வையுங்கள். மார்கழி விடியலில் வெளிக்காற்று 20 டிகிரி என்றால் வேறுபாடு 75. கத்திரியில் பிற்பகல் 42 டிகிரி என்றால் வேறுபாடு 53. அதாவது, விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் சூடு வெளியேறுவது 30 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் சரிந்துவிடுகிறது. மடிக்கணினி செய்கிறவர்கள் பலரும் இயங்கத் தகுந்த அறை வெப்பநிலையாகக் குறிப்பேட்டில் போடும் உச்ச வரம்பு 35 டிகிரி. சதமடித்த ஊர்கள் என்று வானொலியில் திருத்தணியின் பெயர் வாசிக்கப்படும் நாட்களில், 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது செல்சியஸில் ஏறக்குறைய 38 ஆகும். ஆகவே மே மாதப் பிற்பகலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கணினியைத் திறக்கும் பள்ளிப்பட்டுக்காரர், தயாரிப்பாளர் பார்வையில், விதிமீறல் செய்கிறார்.

அப்டேட்டின் பங்கு யாது? 14.10.2025 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து இது அப்டேட் சீசன். எனவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரிய அப்டேட் முடிந்து திரை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். கணினிக்கு அப்போதுதான் ஆரம்பம். உள்ளே இருக்கும் கோப்புகளை எல்லாம் மறுபடி படித்துத் தேடலுக்கான அட்டவணை போடும். வைரஸ் காவலர் எல்லாவற்றையும் புதிதாகச் சந்தேகிப்பார். பழைய பதிப்பின் மிச்சங்களைச் சுருட்டிக் கட்டும். சில செயலிகளைப் புதிய சூழலுக்கு ஏற்ப மறுபடி பதப்படுத்தி வைக்கும். மேக் கணினியில் புகைப்படங்களில் உள்ள முகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காணும் வேலையும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் ஒரு நாளோ இரண்டு நாளோ பிடிக்கும். அதுவரை சூடு இருக்கத்தான் செய்யும்.

மூன்றாம் கொள்கையினரின் பிழை இங்கேதான். சூடாகிறதே என்று பெரியவர் அணைத்துவைக்கச் சொல்கிறார். அணைத்ததும் அட்டவணை பாதியில் நிற்கிறது. மறுநாள் மாலை திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, மறுபடி சூடு. மறுபடி அணைப்பு. இரண்டு நாளில் முடிய வேண்டியது இரண்டு வாரம் இழுக்கிறது. அப்டேட் ஆன இரவு சார்ஜரைச் செருகி, அடிப்புறம் காற்றோட்டமாக மேசைமேல் வைத்து, மூடாமல், உறங்கிவிடாதபடி அமைப்பை மாற்றிவிட்டு நாம் உறங்கப் போவதே முறை. கணினிக்கு ஓய்வு தரவேண்டும் என்ற கருணை கணினியைக் கொல்லும்.

இரண்டு நாள் கழித்தும் சூடு தணியாவிட்டால்தான் வழக்கு. இதற்கான களப்பணி பஜாரில் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடையில் நடத்தப்பட்டது. கடைப் பெயரும் கணினி நிறுவனத்தின் பெயரும் ஆய்வு நெறி கருதி இங்கே தரப்படவில்லை. ஒரு மாணவி கணினியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"அண்ணா, அப்டேட் போட்டதிலருந்து கையே வெக்க முடியலண்ணா. பழைய வெர்ஷனுக்கே மாத்திக் குடுத்துடுங்க."

"மாத்தலாம்மா. மாத்துனாலும் கொதிக்கும். வீட்ல தறி ஓடுதா?"

"ஓடுதுண்ணா."

"தறிக்குப் பக்கத்துலதான வெச்சுப் படிக்கற?"

"அங்கதாண்ணா பிளக் பாயிண்ட் இருக்கு."

விசாரணை அத்துடன் முடிந்தது. கடைக்காரர் கணினியைக் கவிழ்த்தார். திருகுகளில் இரண்டு ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒளிந்திருந்தன. மூடியைக் கழற்றியதும் விசிறி தெரிந்தது. பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. குற்றம் அதற்குப் பின்னால் இருந்தது. விசிறி காற்றைத் தள்ளுகிற வாயில் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். பிராசஸரின் சூடு செம்புக் குழாய் வழியாக அங்கே வந்து காற்றில் கலந்து வெளியேற வேண்டும். அந்தத் தகடுகளின் முகப்பில் பஞ்சு படிந்து ஒரு திரையே கட்டியிருந்தது. இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஒரே பாளமாக வந்தது. சாதாரணத் தூசி சாம்பல் நிறம். இது நீலமும் பச்சையும் இடையில் ஒரு சிவப்பு இழையுமாக இருந்தது. அந்தப் பருவத்தில் வீட்டில் என்ன லுங்கி ஓடியது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் வரை நீளும் இந்த நெசவு வட்டாரத்தில் மடிக்கணினி என்பது தறியோடு சேர்ந்து துணி நெய்யும் துணைக்கருவி என்ற கருதுகோளுக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

"பிரஷ் இவ்வுரா" என்று உதவியாளனிடம் தெலுங்கில் கேட்டு வாங்கி, விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதியால் ஊதினார். காற்று வேகத்தில் விசிறி தாறுமாறாகச் சுற்றினால் அதன் அச்சு கெடும் என்பது அவர் சொன்ன விளக்கம். பிறகு பிராசஸர் மேலிருந்த செம்புத் தகட்டைத் தூக்கினார். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, அரிசி அளவுக்குப் புதுப் பசையை வைத்துத் தகட்டைப் பழையபடி முடுக்கினார். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது வாடிக்கையாளர்களிடம் பரவலாக உள்ள மூடநம்பிக்கை.

ஈண்டு ஓர் இடைக்குறிப்பு. சூரனை அழித்த சினம் தணிந்து முருகன் அமர்ந்த மலை திருத்தணி என்பது தலபுராணம். அதனால்தான் கந்தசஷ்டியில் மற்ற படைவீடுகளில் நடக்கும் சூரசம்ஹாரம் அங்கே நடப்பதில்லை. சுவாமிக்குச் சாத்துவதற்குச் சந்தனம் அரைக்கும் கல்லை இந்திரன் கொடுத்தான் என்றும் சொல்வார்கள். கொதிப்பு தணிய மேலே பசை பூச வேண்டும் என்ற தொழில்நுட்பம், தைவானிலோ கலிபோர்னியாவிலோ தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, 365 படி ஏறினால் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்திருக்கிறது. இதற்குக் காப்புரிமை கோரலாமா என்பதை அறநிலையத் துறை பரிசீலிக்க வேண்டும்.

மாணவியின் கணினி ஆறிவிட்டது. ஆனால் ஆய்வு முடியவில்லை. பஞ்சு இரண்டு ஆண்டாகச் சேர்ந்திருக்கும்போது சூடு மட்டும் ஏன் அப்டேட்டுக்கு மறுநாள் வந்தது? முதல் கொள்கையினரின் கேள்வி நியாயமானது. விடை: அதுவரை அந்தக் கணினி கடினமாக உழைத்ததே இல்லை. பாடம் தட்டச்சு செய்வதற்கும் வீடியோ பார்ப்பதற்கும் பிராசஸரின் சிறு பங்கு போதும். அந்தச் சூடு அடைபட்ட தகட்டின் வழியாகக்கூட எப்படியோ கசிந்து வெளியேறிவிடும். அப்டேட் வந்து மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடவைத்தபோதுதான் அடைப்பு வெளியே தெரிந்தது. அடைப்பை உண்டாக்கியது அப்டேட் அன்று. காட்டிக்கொடுத்தது மட்டுமே அது செய்தது.

ஆனால் எல்லா வழக்கிலும் அப்டேட்டை விடுதலை செய்யவும் முடியாது. பழைய டிரைவரைத் தூக்கிவிட்டுப் பொருந்தாத ஒன்றை வைத்துவிடுவதுண்டு. மின்சேமிப்பு அமைப்பைச் சொல்லாமல் உச்ச வேகத்துக்கு மாற்றிவிடுவதுண்டு. அப்படியானால் எது யார் குற்றம் என்று பிரிப்பது எப்படி?

இதற்குத்தான் 1960 உதவுகிறது. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்த திருத்தணி வட்டாரத்துக்காக ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் போராடினார்கள். எச்.வி. படாஸ்கர் நடுவராக இருந்து சொன்ன தீர்வின்படி 1959-இல் சட்டம் வந்து, 01.04.1960 முதல் இப்பகுதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. படாஸ்கர் கொண்ட அளவுகோலில் முதன்மையானது, கிராமத்தை அலகாகக் கொள்வது. வட்டம் முழுவதையும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளாமல், ஊர் ஊராகப் பார்த்து, எந்த மொழியார் பெரும்பான்மை என்று கணக்கிடுவது.

மடிக்கணினிக்கும் இதுவே விதி. அப்டேட் முழுவதையும் நாடு கடத்த வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கி, ஒவ்வொரு செயலாகப் பாருங்கள். ஒன்றிரண்டு செயல்கள் இரண்டு நாளுக்குப் பிறகும் பெரும்பான்மையைப் பிடித்து வைத்திருந்தால் அவை மென்பொருள் மாநிலத்தைச் சேர்ந்தவை; அவற்றின் டிரைவரை மாற்றுக, அல்லது அவற்றை நிறுத்துக. பட்டியலில் யாருமே வேலை செய்யாமல், சிபியு சும்மா இருந்தும் விசிறி அலறினால் அது வன்பொருள் மாநிலம், கடைக்குப் போகவும். இரண்டுமில்லாமல் வேலை செய்யும்போது மட்டும் கொதித்தால், பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் உச்ச அளவை 100-லிருந்து 99 விழுக்காடாகக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலான இன்டெல் கணினிகளில் இந்த ஒரு விழுக்காடு டர்போ என்ற மிகைவேகத்தை அடைத்துவிடும். வேகம் சற்றுக் குறையும், சூடு கணிசமாகக் குறையும். ஒரு விழுக்காட்டை விட்டுக்கொடுத்து அமைதி பெறுவது எல்லையோர மக்களுக்குப் புதிதல்ல.

இறுதியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்னி நட்சத்திரம் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 25 நாள் போல நீடிக்கும். விண்டோஸில் அப்டேட்டை அதிகபட்சம் 5 வாரம், அதாவது 35 நாள், நிறுத்திவைக்க வசதி உண்டு. பாதுகாப்புக்கான அப்டேட்டும் இதில் அடக்கம் என்பதால் அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். கத்திரி போக மிஞ்சும் 10 நாளில் கணினியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பஞ்சை எடுத்துவிடுங்கள். தறிக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக் பாயிண்டை அடுத்த அறைக்கு மாற்ற ஓர் எலக்ட்ரீஷியனையும் அப்படியே கூப்பிட்டு வாருங்கள்.