கோர்டினேட்டர் நானா

சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், முதுகுப் பையும் வெயிலில் சிவந்த கழுத்துமாக ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஏறினால், எங்கே இறங்க வேண்டும் என்று கொண்டக்டர் கேட்பதில்லை. முந்தல் வந்ததும் தானாகவே பெல் அடித்துவிடுவார். கீழே நானா நிற்பார்.

நம் கரையோரத்தில் இப்படி ஒருவர் இல்லாத ஊர் குறைவு. கழுத்தில் ஒரு அட்டை. சட்டைப் பையில் இரண்டு பேனா; அதில் ஒன்று எழுதாது. ஓட்டோ அவருடையது, தங்கும் அறை மச்சானுடையது, சமையல் அவர் மனைவியின் பொறுப்பு. விசிட்டிங் கார்டில் ‘கோர்டினேட்டர்’ என்று போட்டிருக்கும். அவர் சேர்த்து வைப்பது இரண்டு சாமான்களை: ஐரோப்பாவின் நல்ல மனசு, முந்தல் வாவியின் சேறு.

இளவயதில் நானா வாவியோரக் கண்டல் மரங்களை வெட்டியவர். 1980களில் இந்தக் கரைக்கு இறால் பண்ணை வந்தபோது, வாவியோரம் குளம் குளமாகத் தோண்டப்பட்டது; தோண்டுவதற்கு முன் காடு போயாக வேண்டும், கத்தி பிடிக்க ஆள் வேண்டும். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. இறால் மிதந்தது, பண்ணை பலவும் மூடின, போட்ட காசு தண்ணீரோடு போனது. பிறகு கண்டல்தான் பொக்கிஷம் என்று உலகம் கண்டுபிடித்தது. வெட்டச் சம்பளம் வாங்கிய கைக்கு இப்போது நடச் சம்பளம். இரண்டு வேலையிலும் நானா ஒரு நாள் பிந்திப் போனதில்லை.

கன்று நட வெளிநாட்டுத் தொண்டர்கள் ஆடி, ஆவணியில் வருவார்கள். அவர்களுடைய பல்கலைக்கழகங்களுக்கு அப்போதுதான் விடுமுறை. நம் வாவிக்கும் அப்போதுதான் விடுமுறை: மழை இல்லை, தண்ணீர் வற்றிக் கரை வெடித்து, இருக்கிற கொஞ்சமும் கடலைவிட உப்பாகக் கிடக்கும். கன்று நட வேண்டிய காலம் ஐப்பசி, கார்த்திகை மழை. இது நானாவுக்குத் தெரியாததல்ல. ஒருமுறை கேட்டேன். “மழைக்கு ஆள் வராதே தம்பி” என்றார். மறுபேச்சுக்கு இடமில்லை.

நடும் இடத்துக்கும் இதே கணக்குத்தான். தண்ணீர் எதுவரை ஏறி எதுவரை இறங்குகிறது என்று கண்டல் பார்க்கும். வேன் எதுவரை போகும் என்று நானா பார்ப்பார். கன்று என்பது மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்கும் வித்து. பழுத்தால் தானாக விழும். இடம் பிடித்துப்போனால் தானாகவே வேர்விடும். அதை ஊர்ப் பொடியன்கள் பொறுக்கி வந்து விற்க, நானா பொலித்தீன் பையில் சேறு நிரப்பிக் குத்தி வைத்து, ‘நாற்று மேடை’ என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார். நடும் அன்று காலை, விலையுயர்ந்த செருப்போடு ஒரு பிள்ளை சேற்றில் கால் வைக்கும். நானாவின் இங்கிலீஷில் வேண்டாத சொல் ஒன்றுகூட இருக்காது: “ஷூ நோ, மகள். மட் டேக். மட் நோ கிவ்.” சொல்லி முடிக்குமுன் ஒரு செருப்பு போயிருக்கும்.

உண்மையான தொண்டு நடப்பது குசினியில். வந்தவர்களில் ஒருவராவது ‘வீகன்’. மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், பால் வேண்டாம் என்று கேட்டதும் நானாவின் மனைவி பதறிப்போய், “பிள்ளைக்கு என்ன வருத்தம்?” என்றாராம். தென்னை முக்கோணத்தில் பிறந்த புண்ணியம், தேங்காய்ப்பால் கைகொடுத்தது. தேங்காய்ச் சம்பலைப் பிள்ளை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. அதில் இடித்துப் போட்ட மாசிக் கருவாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாவும் கேளாத கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

1962இல் அமெரிக்க அமைதிப் படையின் முதல் தொண்டர்கள் இலங்கைக்கு வந்தபோது, இரண்டு வருடம் இருக்கிறோம் என்று வந்தார்கள். இப்போது இரண்டு வாரம், அதில் ஒரு மாலை உடப்பில் தீமிதி. 1968இல் மெக்சிக்கோவில் இவான் இல்லிச் என்பவர் இப்படிப்பட்ட மாணவர்களின் கூட்டத்தில் பேசி, சுற்றிப்பார்க்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் திட்டித் தீர்த்தார். நானாவிடம் இதைச் சொன்னேன். “அந்த மனுசன் இந்தப் பக்கம் வருவாரா?” என்று கவலையோடு விசாரித்தார்.

கன்றுகள் என்னாகின்றன? இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரையின்படி, 1,000 ஹெக்டேருக்குமேல் நட்டதில் தேறியது 200 ஹெக்டேர் சொச்சம். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான இடம், மேய்ச்சல் மாடு, நட்டபின் திரும்பிப் பார்க்க ஆளில்லாமை என்று காரணங்கள். நடுவதற்குத்தான் காசு வருகிறது, காவல் காக்க யாரும் விமானம் ஏறி வருவதில்லை. கொடுத்தவர் பெயர் எழுதிய தகரப் பலகை மட்டும் மழை, வெயில், மாடு எல்லாவற்றையும் தாங்கி நிற்கும். அதை மாடு தின்னாது.

இதற்கிடையில் கைவிட்ட இறால் குளம் ஒன்றின் வரம்பு உடைந்து, தண்ணீர் போய்வரத் தொடங்கியது. யாரும் நடாமலே அங்கே கண்டல் அடர்ந்துவிட்டது. நானா ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பலகைகளைப் பிடுங்கி அங்கே ஊன்றினார்.

போன வருடம் ஒரு பெண், படிக்கும் காலத்தில் வந்து போனவள், புருஷனோடு வந்து இறங்கினாள். தான் நட்ட மரத்தைப் பார்க்க வேண்டுமாம். நானா குளத்தடிக்குக் கூட்டிப்போய், சுற்றுமுற்றும் பார்த்து, இருப்பதிலேயே உயரமானதைக் காட்டினார். அவள் கட்டிப்பிடித்து அழுதாள். புருஷனுக்கும் மனம் இளகி, தனக்கும் ஒரு கன்று நடக் கிடைக்குமா என்றான்.

“ஒன் நோ, மகன்” என்றார் நானா. “மினிமம் ஃபிஃப்டி.”