பச்சைத் தண்ணி எங்கே போச்சு?

மஸ்ஜித் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஆசைப்பட்டு 2003 போர்ஷே 911 டர்போ வாங்கினேன். சனிக்கிழமை பாசார் மாலாம் ஜாமில் நின்றபோது திடீரென்று காடிக்கு அடியில் குளம். மீட்டர் முள் ஏறவே இல்லை. பயப்பட வேண்டுமா?
*வாசகர், மஸ்ஜித் இந்தியா*

முள் ஏறாததற்குத்தான் பயப்பட வேண்டும். சென்சார் அளப்பது தண்ணியின் சூட்டை. தண்ணியே ஓடிப்போனால் அது எதை அளக்கும், பாவம்?

முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். நிறமும் வாசனையும் இல்லையென்றால் ஏர்கோன் தண்ணி. வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். நல்லெண்ணெய் மாதிரி வழுக்கி, இனிப்பாக வாசம் அடித்தால் கூலன்ட். அப்புறம் குளம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். உங்கள் காடிக்கு எஞ்சின் பின்னால், ரேடியேட்டர்கள் முன்னால். முன்பக்க ஈரம் என்றால் பம்பர் வாயில் காய்ந்த இலையும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து ஊறி ரேடியேட்டரை அரித்திருக்கலாம். பின்பக்கம் சொட்டுச் சொட்டாக வந்தால் வாட்டர் பம்ப் மேல் சந்தேகம்.

பின்னால் ஒரே கொட்டாகக் கொட்டியிருந்தால் விஷயம் வேறு. அந்தக் காலத்து டர்போவிலும் ஜிடி3-யிலும் எஞ்சினோடு தண்ணிக் குழாய் சேரும் முனைகளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஆமாம், பசைதான். வருஷக்கணக்கில் சூடு பட்டு ஒரு நாள் பிடி விடும்; முன்னறிவிப்பே கிடையாது. எஞ்சினை இறக்கி, முனைகளை வெல்டிங் செய்வார்கள், அல்லது பின் (pin) அடித்து இறுக்குவார்கள். கழன்றதை மட்டும் சரிசெய்து அனுப்பினால் அடுத்த வருஷம் பக்கத்து முனைக்காக மறுபடி எஞ்சினை இறக்க வேண்டிவரும். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யச் சொல்லுங்கள். 1998-இல் முடிந்த பழைய வரிசையை வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதற்குக் காற்றுதான், தண்ணி கிடையாது.

பிரஷர் டெஸ்ட் செய்யவே போர்மன் காசு கேட்கிறார். ஏமாற்றா?
*வாசகர், செந்தூல்*

இல்லை. எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் பொறித்த எண் வரை அழுத்தம் ஏற்றிவிட்டு முள்ளைப் பார்ப்பார். முள் இறங்கினால் ஓட்டை உண்டு. டார்ச் அடித்துத் தேடினால் எங்கேயாவது ஒரு ஹோஸ் மூட்டில் முத்து முத்தாக வியர்த்திருக்கும். இதையெல்லாம் செய்யாமல் "வாட்டர் பம்ப் மாத்திடுங்க பாஸ்" என்கிறவரிடம்தான் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கெந்திங் ஏறும்போது கொதித்துவிட்டது. துணியைப் போட்டு மூடியைத் திறக்கலாமா?
*வாசகர், பூச்சோங்*

மஸ்ஜித் இந்தியாவின் அத்தனை கடைத் துணியையும் போட்டாலும் கூடாது. 1.1 என்று போட்ட மூடி இறுக்கி வைத்திருக்கும்வரை உள்ளே வெறும் தண்ணிகூட 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். திறந்த கணமே அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும். ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, ஆறும்வரை காத்திருங்கள். மலைக்காற்று இலவசம்.

நம்ம ஊரில் பனியா பெய்கிறது? பைப் தண்ணி போதாதா?
*வாசகர், கிள்ளான்*

பச்சையாக இருப்பதால் கூலன்ட் பச்சைத் தண்ணி ஆகிவிடாது. கூலன்ட் கொதிநிலையை ஏற்றும், துருப்பிடிக்காமல் காக்கும். நடுரோட்டில் வேறு வழியில்லையென்றால் பைப் தண்ணி ஊற்றுங்கள். வீடு வந்ததும் வடித்துவிட்டுக் கூலன்ட்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

புரோட்டான் சத்ரியா ஜிடிஐ. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் வாரம் ஒரு பாட்டில் குடிக்கிறது!
*வாசகர், பிரிக்பீல்ட்ஸ்*

2002-இல் கரம்ஜித் சிங் புரோட்டான் ஓட்டித்தான் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். அந்தக் குடும்பத்துக் காடி வெளியே அழாது, உள்ளே அழும். வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் தேத்தாரிக் நுரை, ரேடியேட்டரில் குமிழி: மூன்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். நீல மருந்து வைத்துச் சோதிப்பார்கள்; எரிந்த புகை தண்ணியில் கலந்திருந்தால் மஞ்சளாகும்.

லீக் அடைக்கும் மருந்து ஊற்றலாமா?
*வாசகர், ஷா ஆலம்*

அடைக்கும். எதை அடைக்கும் என்பது அதற்கே தெரியாது.

ஜப்பான் ரீகண்ட் ஸ்போர்ட்ஸ் கார். கார்ப்பெட் ஈரம், கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி, உள்ளே இனிப்பு வாசம்.
*வாசகர், காஜாங்*

டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ஒழுகுகிறது. கோலாலம்பூரில் ஒரு நாளும் போடாத ஹீட்டருக்குச் செலவழிக்கப்போகும் உங்களுக்கு என் அனுதாபம்.

செப்பாங்கில் ஓட்டப் போகிறேன். கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணி நிரப்பச் சொல்கிறார்கள். ஏன்?
*வாசகர், சுபாங்*

தண்ணி சிந்தினால் காய்ந்துவிடும். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் சிந்தினால் பாதை சோப்புப் போட்ட குளியலறை. மேலே சொன்ன பசை முனை ஓட்டத்தில் பிய்ந்தால் முதலில் நனைவது அதே காடியின் பின் டயர்.

ஒழுகியதை எங்கள் தெருப் பூனை நக்கிச் சுத்தம் செய்துவிட்டது. கழுவும் வேலை மிச்சம்தானே?
*வாசகர், மஸ்ஜித் இந்தியா*

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இனிப்பாக இருப்பதால் நக்குகிறது. கொஞ்சம் போதும், சிறுநீரகம் போய்விடும். தரையைத் தண்ணி விட்டு நன்றாக அலசுங்கள். அதற்கும் முன்னால் அந்தப் பூனையைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். போர்மன் நாளைக்கும் இருப்பார்.