அப்பனைக் கட்டிலை விட்டு எறக்குடா நைனா!

வா நைனா, உக்காரு. இன்னா, அப்பனுக்கு வாட்ச்சு வாங்கியாந்தியாமே? நடந்தா எண்ணுமாம், தூங்குனா எண்ணுமாம், நெஞ்சு துடிச்சா அதையும் எண்ணுமாம். மனுசன் கட்டிலை விட்டே எறங்கலை. எதைடா எண்ணும் அது? கொசு அடிக்கிறதையா?

பத்தாயிரம் அடி நடக்கணும்னு கட்டளை வேற போட்டிருக்கே. அந்தக் கணக்கு எங்க பொறந்துச்சு தெரியுமா? 1965 வாக்குல ஜப்பான்ல ஒரு கம்பெனி, இடுப்புல மாட்டிக்கிற அடி எண்ணுற கருவியை வித்துச்சு. பத்தாயிரம் அடிக் கருவின்னே அதுக்குப் பேரு. யாவாரத்துக்கு வச்ச பேரை நீ வேதமா புடிச்சிக்கினே.

உங்கம்மா உனக்கு மேல. "கேன்சர் வந்த ஒடம்பு, அசையக்கூடாது"ன்னு சொம்புத் தண்ணியைக் கூட கட்டிலுக்கே கொண்டாந்து நீட்டுது. ஆபரேசன் ஆச்சு, கரண்டும் வச்சாச்சு, காயம் ஆறி மாசக்கணக்காவுது. பழவேற்காட்டு ஏரியில இடுப்பளவு தண்ணியில நின்னு வலை இழுத்த ஆளு, இப்ப பொரண்டு படுக்கவே யோசிக்கிறான். இதுக்குப் பேரு பாசமா?

ஊசி போடறாங்களே, அது இன்னான்னு கேட்டியா? ஆம்பள ஹார்மோனை அடக்குனா இந்தப் புராஸ்டேட் புத்துநோய் அடங்கும்னு 1941ல சிகாகோவுல ஹக்கின்ஸ்னு ஒரு டாக்டர் காமிச்சாரு. 1966ல அவருக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. மருந்து நல்ல மருந்துதான். ஆனா அது கூலி வாங்காம போவாது. சதை கரையும், தொப்பை போடும், எலும்பு மெலியும், திடீர்னு குபீர்னு சூடேறி வேர்க்கும், எந்நேரமும் அசதி. அசதின்னு படுத்தா இன்னா ஆவும்? இன்னும் அசதி ஆவும். கரையில ஏத்திப் போட்ட படகு வெயில்ல வெடிக்கிற கதைதான்.

அப்போ இன்னா பண்ணணும்? 2019ல பல நாட்டு டாக்டருங்க கூடி எழுதி வச்சது ரொம்பச் சின்ன சமாச்சாரம். வாரத்துல மூணு நாளு, அரை மணி நேரம், லேசா மூச்சு வாங்குற மாதிரி நட. ரெண்டு நாளு சதைக்கு வேலை குடு. அசதி கொறையும், மனசுல இருக்கற பயமும் சோர்வும் கொறையும். இதுக்கு எதுக்குடா ஜிம்மு, ஜிகினா பேண்ட்டு, டப்பா மாவு? தண்ணி கொடத்தைத் தூக்கி வை. ஸ்டூல்ல கையூனாம பத்து தபா உக்காந்து எந்திரி. ஒண்ணு மட்டும் மறக்காதே: நோய் எலும்புக்குப் போயிருக்கான்னு டாக்டரைக் கேட்டுட்டு அப்பறம் கொடத்துல கை வையி. அதைக் கேக்காம வீரம் காட்டுறவன் முட்டாளு.

"மீன்புடிக்காரன் ஒடம்புக்குப் பயிற்சி எதுக்கு தாத்தா"ன்னு இளிக்காதே. கோல் ஊனித் தள்ளுன காலம் வேற. எஞ்சினு வந்தப்பறம் எவன்டா தோளை அசைக்கிறான்?

அமெரிக்காவுல இந்த நோய் வந்த ரெண்டாயிரத்து எழுநூறு ஆம்பளைங்களை வருசக்கணக்கா கவனிச்சு, 2011ல சொன்னாங்க: சுறுசுறுப்பா ஒடம்பை அசைச்சவன் அதிக நாளு இருந்தான்னு. நடந்ததாலயே பொழைச்சான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, தெம்பு இருந்தவன்தான் நடந்தானோ இன்னாவோ. இருந்தாலும், படுத்துக் கெடந்து எவன் ஜெயிச்சான்?

ஒங்கப்பன் வெளிய வராததுக்கு நெசமான காரணம் அசதி இல்லடா. கிட்ட வா, சொல்றேன். ஆபரேசன் ஆனதுலேருந்து இருமுனா, தும்முனா லுங்கி நனையுது. அதான் டீக்கடை பக்கமே வரலை. பேப்பரை மடிச்சு மடியில வச்சிக்கினு கட்டில்லயே உக்காந்திருக்கான், ஒரு எழுத்துகூட படிக்காம. ஏரியில வலை போடற பாடு பங்கு பேசறப்போ ஊரே கேக்குற மாதிரி கத்துன ஆளு! வாட்ச்சு எண்ணுமா இதை?

வைத்தியம் இருக்குது. மூத்திரத்தை அடக்குறப்போ எந்தச் சதையை இறுக்குறோமோ, அதை இறுக்கி, கொஞ்சம் புடிச்சு, விடணும். தெனமும் பண்ணணும், கொஞ்ச வாரத்துக்கு விடக்கூடாது. சரியாத்தான் பண்றமான்னு ஆஸ்பத்திரியில பிசியோகாரங்களைக் கேட்டுக்கோ. புள்ள பெத்த பொம்பளைங்களுக்காக 1948ல கெகல்னு ஒரு டாக்டர் எழுதி வச்ச பயிற்சி அது. மீசை வச்சவனுக்கும் அதேதான்.

வெக்கப்படறானா? அட, அடுத்த செக்கப்புக்கு எளாவூர் ஸ்டேசன்ல ரயில் ஏறுறப்போ சொல்லிக் குடு. சென்ட்ரல் வர்றவரைக்கும் சீட்டுல உக்காந்தே இறுக்கட்டும், விடட்டும். எதிர் சீட்டுக்காரன், பெரியவரு ஏதோ வட்டிக் கணக்குப் போடறாருன்னு நெனச்சிக்குவான்.