கோவை கிரைண்டரும் கவுகாத்திக் கூட்டமும்

கோவை கணபதியில் ஒரு கிரைண்டர் பட்டறையில் நான் கணக்கு எழுதிய காலத்தில், விற்பனை வரி உறுத்தினால் எங்கே போய் முறையிடுவது என்று எங்களுக்குத் தெரியும். சங்கத்துக்காரர்கள் நாலு பேர் ராத்திரி ரயிலேறுவார்கள். காலையில் சேப்பாக்கம் எழிலகத்தில் மனு கொடுப்பார்கள், தொகுதி எம்.எல்.ஏ. காதிலும் போட்டு வைப்பார்கள். கேட்டதெல்லாம் கிடைத்ததில்லை. ஆனால் மனுவை வாங்குகிறவர் வீட்டிலும் இட்லிக்கு மாவு ஆட்டினார்கள். கல்லைக் கொத்தி, குழவியைப் பொருத்தி, ஊறிய அரிசியைப் போட்டு ஓட்டி, மாவை விரலில் தேய்த்து நறநறப்பு இல்லையென்று கண்ட பிறகே லாரியில் ஏற்றுகிற தொழில் இது. அதை அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

2016இல் ஜி.எஸ்.டி.க்கு வழிவிட்ட 101ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. மாநிலத்தின் நிதி உரிமை பறிபோகும் என்று சொல்லி மாநிலங்களவையில் அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. கட்சி எதுவானாலும் அந்த எச்சரிக்கை நியாயமானது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது கல் கிரைண்டருக்கு 28 சதவீதம், ஏ.சி.க்கும் காருக்கும் அதே வரி! மாவாட்டும் கல்லை எந்தக் கணக்கில் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? நவம்பரில் கவுகாத்தியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் அதை 12 ஆக்கியது. அன்றைக்கு 28இலிருந்து 12க்கு இறங்கிய இன்னொரு பொருள் ராணுவ டாங்கி. கிரைண்டர் வரி 5 சதவீதத்துக்கு வர 2019 ஆகிவிட்டது. பெரிய கம்பெனிகள் அதுவரை தாக்குப்பிடிக்கும். விற்ற காசில்தான் வாரக் கூலி கொடுக்க வேண்டிய பட்டறை எப்படித் தாங்கும்?

கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம். முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். அத்தனை மாநிலமும் ஒரே பக்கம் நின்றாலும் டெல்லி சம்மதிக்காமல் ஒரு வரியும் நகராது. கிரைண்டர் செய்கிற மாநிலத்துக்கும், அது சமையலறையில் புழங்காத மாநிலத்துக்கும் வாக்கின் எடை ஒன்றுதான்.

இப்போது சங்கத்துக்காரர்கள் அடுத்த கூட்டம் எப்போது, எந்த ஊரில் என்று பார்த்துக் கடிதம் எழுதுகிறார்கள். கவுன்சிலின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு சென்னை இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்: ஒரு வட்டாரத்தின் கைத்தொழிலைத் தொடும் வரியிலாவது அந்த மாநிலத்தின் சொல்லுக்குக் கூடுதல் எடை கொடுங்கள்.