மச்சானுக்குத் தடையில்லை

ஜெர்மனியில் கோயில் எழுப்பப் புறப்பட்ட நம்மவர்கள் முதலில் தேடியது ஏழு ஆட்களை. சங்கம் பதிய அங்கே அவ்வளவு பேர் போதும். 1900 முதல் நடப்பிலிருக்கும் குடியியல் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஏழு பேர் கிடைத்துவிடுவார்கள். அடுத்த திருவிழாவரை ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்களா என்பது அம்மன் சித்தம்.

தலைவர் தம் கடை அரிசியையே அன்னதானத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். அந்தத் தீர்மானத்தில் அவர் வாக்களிக்கக் கூடாது என்கிறது சட்டம். மச்சான் கையைத் தூக்கலாம், சகலன் இரண்டு கையையும் தூக்கலாம். பாவம், சட்டம் எழுதிய வெள்ளைக்காரருக்கு நம் உறவுமுறை தெரியாது.

தெரிந்தவர்கள் உத்திரமேரூரில் இருந்தார்கள். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனைக் குடவோலைத் தேர்தலுக்கு ஆகாதென்று தள்ளுவதோடு நிற்கவில்லை. அவனுடைய அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தாளைக் கட்டியவன், மாமனார், மருமகன் என்று வரிசையாகப் பிடித்து வெளியே நிறுத்துகிறது.

அதைப் பெயர்த்து ஜெர்மனிக் கோயில் வாசலில் நட்டால் பொருளாளர் பதவிக்கு மிஞ்சுகிறவர் ஒருவர்தான்: வருடக் கணக்கை எழுதித் தரும் ஜெர்மன் வரி ஆலோசகர். அவருக்கும் யாராவது பெண் கொடுக்காமல் இருக்க வேண்டும்.