குதிரை மைதானத்துப் போர்

கொழும்பு கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தய மைதானத்தில் போர் விமானங்களை நிறுத்தும் யோசனை யாருக்கு உதித்ததோ, அவர் மனித சுபாவம் அறிந்தவர். 1942-ல் ஹரிக்கேன் விமானங்கள் ஏறி இறங்க அங்கே ஓடுபாதை போட்டார்கள். சீமான்களும் சீமாட்டிகளும் தொப்பியோடு அமர்ந்த பந்தய மேடை பக்கத்திலேயே கம்பீரமாக நின்றது. அதைப் பார்த்து எந்த எதிரிதான் விமானப்படையைச் சந்தேகிப்பான்? ஜப்பானியர் சந்தேகிக்கவில்லை. ரத்மலானை விமானத் தளத்தை மட்டும் கணக்கில் வைத்துத் தாக்க வந்தார்கள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. முதல் நாளே கனடிய விமானி பெர்ச்சால் கடலில் எதிரிக் கப்பற்படையைக் கண்டு, தான் சுடப்படுமுன் செய்தி அனுப்பியிருந்தார். ரேடாரும் இருந்தது. ஆனாலும் காலையில் எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகே ரத்மலானைக்கு விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், அதிகாரத்துக்கும் ஓய்வு வேண்டாமா! இந்த லட்சணத்தில் பறந்து போய் உயிர்விட்ட இளைஞர்களைப் பற்றி நையாண்டி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

போர் முடிந்ததும் குதிரைகள் திரும்பின. 1950-களில் பண்டாரநாயக்க அரசு பந்தயத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல் விமானங்களாலும் முடியாத காரியத்தை ஓர் அரசாணை முடித்துவிட்டது. பந்தய மேடை இப்போது கடைத்தொகுதி. குதிரையில் பணத்தை விட்ட இடத்தில், பேரப்பிள்ளைகள் கைப்பையிலும் காப்பியிலும் விடுகிறார்கள். ஜெயிக்கும் வாய்ப்பு மட்டும் இப்போது அறவே இல்லை.