இரட்டை வட்டம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் ஓர் அழுகைச் சத்தம் கேட்கும். முதல் வருஷம் அது மகளுடையது. இப்போது என்னுடையது.

கும்பகோணத்துக்காரனுக்கும் ஒசாகாக்காரிக்கும் பிறந்து டொராண்டோவில் வளரும் குழந்தைக்கு விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை ஆங்கிலமும் பிரெஞ்சும். சனிக்கிழமை ஜப்பானியம். ஞாயிற்றுக்கிழமை தமிழ். "கடவுளே ஏழாவது நாள் ஓய்வெடுத்தாராமே" என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து ஒருநாள் நியாயம் பேசினாள் மகள். "அவருக்கு ஒரு பாஷைதான் தெரிஞ்சிருக்கும்" என்று என் மனைவி வழக்கை முடித்துவிட்டாள். மனைவி தமிழ் கற்றது என் அம்மாவிடம். அதனால் தீர்ப்புச் சொல்லும் தொனியும் சேர்ந்தே வந்துவிட்டது.

இந்தச் சனிக்கிழமைப் பள்ளிக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் ஹொஷூகோ. கம்பெனிகள் வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தவர்களின் பிள்ளைகள், மூன்று நான்கு வருஷம் கழித்து ஊர் திரும்பும்போது வகுப்பில் பின்தங்கி நிற்கக் கூடாதே என்ற கவலையில் பிறந்தது. 1956-இல் பாங்காக்கில் முழுநேர ஜப்பானியப் பள்ளி வந்தது. 1958-இல் வாஷிங்டனில் முதல் ஹொஷூகோ. இன்றைக்கும் ஜப்பான் குடியுரிமையுள்ள பிள்ளை உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஜப்பான் அரசாங்கம் பாடப்புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கிறது. இலவசம் என்றதும் எனக்குள் இருந்த தமிழ்நாட்டு வாக்காளன் மகிழ்ந்துபோனான்.

மகிழ்ச்சி ஒரு வாரம்தான் நின்றது. என் மகள் ஊர் திரும்பப்போவதில்லை என்பது அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. ஒசாகாவில் வாரத்துக்கு ஐந்து நாள் நடத்துகிற பாடத்தை இங்கே ஒரே சனிக்கிழமையில் நடத்தியாக வேண்டும். ஆசிரியை பாவம், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிதான் பாடம் நடத்துவார். அவருடைய கையில் அகப்படாமல் சிந்தியதெல்லாம் வீட்டுப்பாடமாக வீட்டுக்கு வரும். எங்கள் பள்ளியில் மொத்தம் நாற்பது பிள்ளைகள் தேறும். அவர்களில் பாதிப்பேர் என் மகளைப்போல இரண்டு நாட்டுக்குப் பிறந்தவர்கள், எங்கேயும் திரும்பப்போகாதவர்கள்.

கட்டடம் சொந்தமில்லை. வாரநாளில் அது ஓர் உயர்நிலைப் பள்ளி. சனிக்கிழமை மட்டும் வாடகைக்கு. பள்ளியில் சேரும் அன்று பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம், வகுப்பறையைப் போட்டோ எடுப்பது. உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு மேசையையும், மேசைக்குள் கிடக்கும் குப்பையையும், கரும்பலகையில் விட்டுப்போன எழுத்தையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மதியம் கிளம்பும்போது படத்தில் உள்ளபடியே திருப்பி வைக்க வேண்டும். எச்சரிக்கை சும்மா வந்ததில்லை. ஒரு தடவை யாரோ ஒரு பத்தாம் வகுப்புப் பையன் மேசைக்குள் விட்டுவைத்திருந்த பாதி ரப்பர் காணாமல் போய்விட்டதாம். அதற்காக மன்னிப்புக் கடிதம் எழுதப்பட்டு, புது ரப்பரும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் போய்ச் சேர்ந்தன. அந்தப் பையன் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் எதையாவது மறந்து விட்டுப்போகிறான் என்பது என் சொந்தச் சந்தேகம்.

இந்தக் காவல் வேலைக்குத் தோபான் என்று பெயர். கோயிலில் முறைக்காரக் குருக்கள் மாதிரி, பெற்றோர் முறை வைத்துச் செய்ய வேண்டும். கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்க வேண்டும். அந்தக் கட்டடத்துக்குள் எனக்குப் பெயர் கிடையாது; 'இன்னாருடைய அப்பா', அவ்வளவுதான். இருபது வருஷம் படித்து, பட்டம் வாங்கி, கடல் கடந்து வந்து, கடைசியில் ஏழு வயதுப் பெண்ணின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வேற்றுமை உருபாகிவிட்டேன்.

தேதி சொல்வதில் அவர்கள் வைத்திருக்கும் கண்ணியைப் பற்றி யாரும் என்னை எச்சரிக்கவில்லை. நாலாம் தேதி யொக்கா. எட்டாம் தேதி யோகா. ஆசனம் போடுகிற யோகா இல்லை. அதை நீட்டிச் சொன்னால் எட்டு, அழுத்திச் சொன்னால் நாலு. எட்டாம் தேதி மாலை நடக்கவேண்டிய பெற்றோர் கூட்டத்துக்கு நான் நாலாம் தேதி போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் பனியில் நின்றேன். விஷயம் எப்படியோ பரவிவிட்டது. எட்டாம் தேதி கூட்டத்தில் யாருமே சிரிக்கவில்லை. ஐந்து நிமிஷம் முன்னதாக வருவதை மரியாதையாக நினைக்கும் கூட்டம் அது. நாலு நாள் முன்னதாக வந்த அப்பாவைப் பார்த்துக் கொஞ்சம் ஆழமாகவே குனிந்தார்கள்.

எழுத்துக்கு வருகிறேன். எனக்கு 247 எழுத்து தெரியும் என்று மகளிடம் ஒருநாள் பெருமையடித்துக்கொண்டேன். "அதெல்லாம் காலும் கொம்பும் மாத்தி மாத்திப் போடறதுதானேப்பா" என்று ஒரே வரியில் தொல்காப்பியரைக் கவிழ்த்துவிட்டாள். அவளுக்கு முதல் வகுப்பில் 80 காஞ்சி எழுத்து, இரண்டாம் வகுப்பில் 160, ஆறாம் வகுப்பு முடிவதற்குள் 1026. நம்மூர்க் காஞ்சியில் கோயில்கள்கூட அத்தனை இருக்காது. ஆனால் ஓர் இடத்தில் நான் சொக்கிப்போனேன். மரத்துக்கு ஓர் எழுத்து. அதையே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை போட்டால் தோப்பு. மூன்று போட்டால் காடு. தனிமரம் தோப்பாகாது என்று நம்மவர்கள் பழமொழி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் முதல் வகுப்புப் பிள்ளையின் நோட்டிலேயே நட்டுவைத்திருக்கிறார்கள்.

இனி ஒந்தோகு. சத்தம்போட்டு வாசித்தல். தினமும் பிள்ளை பாடத்தை உரக்க வாசிக்க வேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டு, ஓர் அட்டையில் மதிப்புப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பிரமாதம் என்றால் இரட்டை வட்டம். பரவாயில்லை என்றால் ஒற்றை வட்டம். முயற்சி போதாது என்றால் முக்கோணம். மனைவிக்கு மாலை நேர வேலை. ஆகவே கேட்கும் பொறுப்பு என் காதில் விழுந்தது. எனக்கு ஜப்பானியத்தில் அப்போது தெரிந்தது மன்னிப்புக் கேட்பதும் சாப்பாட்டைப் பாராட்டுவதும். கல்யாண வாழ்க்கைக்கு அது போதும். பாடத்துக்குப் போதாது.

ஆனாலும் கடமை தவறவில்லை. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, சபா முதல் வரிசை மாமா மாதிரி தலையாட்டிக் கேட்பேன். முதல் வகுப்பில் ஒரு பிரம்மாண்டமான டர்னிப் கிழங்கைக் குடும்பமே சேர்ந்து பிடுங்குகிற ரஷ்யக் கதை வந்தது. தாத்தா, பாட்டி, பேத்தி, நாய், பூனை, எலி எல்லாரும் இழுத்தார்கள். எனக்கு மொழி தெரியாவிட்டாலும் ஐலசா புரிந்தது. அந்தத் தைரியத்தில் இரண்டாம் வகுப்புக்கும் இரட்டை வட்டமாகப் போட்டுத் தள்ளினேன்.

அட்டையில் பெற்றோர் குறிப்புக்கு ஓர் இடம் உண்டு. ஒரு வாரம் மகள் மிகவும் மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு, குரலைத் தாழ்த்தி வாசித்தாள். எனக்குத் தொண்டையை அடைத்தது. 'சோகமான இடத்தில் குரல் தழுதழுத்தது, கேட்டுக்கொண்டிருந்த நானும் கலங்கிவிட்டேன்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை ஆசிரியை பதில் எழுதியிருந்தார். மனைவி படித்துச் சொன்னாள்: "இந்த வாரப் பாடம், டேன்டிலியன் விதை காற்றில் எப்படிப் பறக்கிறது என்பது. அப்பாவுக்குச் செடிகொடிகளிடம் இவ்வளவு அன்பு இருப்பது அறிந்து மகிழ்ச்சி."

அதோடு விட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். ஒருநாள் மனைவி வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். மகள் கணீரென்று வாசித்துக்கொண்டிருக்கிறாள், நான் லயித்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டாள். ஜப்பானியப் பெண் செருப்பைக் கழற்ற மறந்தாள் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ஏங்க, இவ என்ன வாசிக்கிறான்னு தெரியுமா?"

"ஏதோ இயற்கை வர்ணனை."

"கொதிக்கிற தண்ணிய உள்கோடு வரைக்கும் ஊத்தணும். மூணு நிமிஷம் மூடி வைக்கணும். அப்புறம் மசாலாவப் போடணும்."

புத்தகத்துக்குள்ளே கப் நூடுல்ஸ் மூடியை வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். விசாரணையில் ஒன்றரை மாதமாக நடக்கிறது என்று தெரியவந்தது. நூடுல்ஸ் மட்டுமில்லை. பற்பசைப் பெட்டி, தையல் மிஷின் உத்தரவாத அட்டை, ஒசாகாவில் இருந்து பாட்டி அனுப்பிய மூட்டுவலிப் பிளாஸ்திரியின் உபயோகமுறை எல்லாம் எனக்குப் பாராயணம் ஆகியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நான் இரட்டை வட்டம் போட்டிருக்கிறேன். மனைவிக்குக் கோபம் வந்தது. எனக்கு என்னவோ பெருமைதான். பிளாஸ்திரி உறையில் எத்தனை கடினமான காஞ்சி எழுத்துகள்! பாடப்புத்தகத்தைவிட அதுதான் கஷ்டம்.

தமிழும் ஜப்பானியமும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு பல வருஷம் பாடுபட்டுச் சொன்னார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களைக் கேட்டா நான் பெண் எடுத்தேன்? கல்யாணத்துக்குப் பிறகு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வினைச்சொல் கடைசியில் வருகிறது, நம்மைப்போல. அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு வேறு சொல் இருக்கிறது, நம்மைப்போல. நமக்குப் பளபள என்றால் அவர்களுக்குப் பிகாபிகா. இரட்டைக்கிளவியை அவர்கள் மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறார்கள். கையில் உள்ளது கொரே, உன் பக்கம் உள்ளது சொரே, அங்கே தள்ளி உள்ளது அரே, எது என்றால் தொரே. இதை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் யாழ்ப்பாணத்து நண்பரிடம் சொன்னேன். "உதிலை என்ன அதிசயம்? இது, உது, அது, எது. உங்கடை ஆக்கள்தான் உதைத் துலைச்சுப்போட்டினம்" என்றார். நடுவில் இருந்த உகரத்தைத் தொலைத்த கும்பகோணத்துக்காரன் பேசாமல் டீயைக் குடித்தேன்.

வசந்த விழா, புத்தகச் சந்தை, பட்டமளிப்பு என்று வருஷத்தில் பல வைபவங்கள். எல்லாவற்றையும் சொன்னால் இடம் போதாது. விளையாட்டு விழாவை மட்டும் சொல்கிறேன். சிவப்பு அணி, வெள்ளை அணி, கயிறிழுப்பு, கூடைக்குள் பந்து எறிவது எல்லாம் இருக்கும். ஆனால் ஆரம்பத்தில் ராஜியோ தைசோ. 1928-இல் வானொலியில் தொடங்கிய உடற்பயிற்சி. பியானோ இசை கேட்டதும் கைக்குழந்தையோடு நின்ற தாய் முதல் கைத்தடியோடு நின்ற தாத்தா வரை எல்லாருடைய கையும் ஒரே சமயத்தில் மேலே போயிற்று. யாருமே யாரையும் பார்க்கவில்லை. நான் எல்லாரையும் பார்த்தேன். அவர்கள் கை இறங்கும்போது என் கை ஏறியது. அவர்கள் குனிந்தபோது நான் திரும்பிய பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தார். மகள் சிவப்புத் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பள்ளி வருஷம் ஏப்ரலில் தொடங்குகிறது. ஜப்பானில் அப்போது செர்ரி பூக்கும் காலம். 1959-இல் தோக்கியோ மக்கள் டொராண்டோவுக்கு அன்பளித்த செர்ரி மரங்கள் எங்கள் ஹை பார்க்கில் இருக்கத்தான் இருக்கின்றன. அவை பூப்பதற்கு ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகிவிடும். அதனால் பெற்றோர் காகிதத்தில் பூ வெட்டிச் சுவரில் ஒட்ட வேண்டும். போன ஏப்ரலில் நான் வெட்டியவை செம்பருத்தி மாதிரி இருந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்பக்கம் ஒட்டினார்கள்.

நூடுல்ஸ் விவகாரத்துக்குப் பிறகு மனைவி ஏற்பாட்டை மாற்றிவிட்டாள். ஜப்பானிய வாசிப்பை அவள் காலையில் கேட்கிறாள். தமிழ் வகுப்பிலும் இப்போது அதேபோல் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். யோசனை என்னுடையதுதான், யாழ்ப்பாணத்து நண்பர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். அதையும் அவளே கேட்கிறாள். நான் இரட்டை வட்டம் போடும் இடத்தில் அவள் முக்கோணம் போடுகிறாள். ழகரம் சரியில்லையாம்.

இந்தச் சனிக்கிழமை எனக்குத் தோபான். போனில் இடமில்லை என்று காட்டுகிறது. பார்த்தால் மகளின் படம் முந்நூற்றுச் சொச்சம், மேசைகளின் படம் ஆயிரத்து நூறு. இன்று ராத்திரி உட்கார்ந்து கொஞ்சம் மேசைகளை அழிக்க வேண்டும்.